ரோமுக்குப் போயும் பனீர் பட்டர் மசாலாவா?

ஐரோப்பா டூர் விளம்பரங்களில் ஈஃபில் கோபுரத்துக்குச் சமமாக இடம்பிடிக்கும் வாசகம், 'தினமும் இந்திய உணவு'. காலையில் கொலோசியம், மத்தியானம் வாட்டிகன், ராத்திரி ஏதோ ஒரு சந்தில் பனீர் பட்டர் மசாலா. பஸ் பஸ்ஸாகப் போகிற நம் ஜனம் இத்தாலியைப் பார்க்கிறது, சாப்பிடாமலே திரும்புகிறது.

கேட்டால், "அவங்க சாப்பாடு சப்புனு இருக்கும் சார்" என்பார்கள். நம்மூர் ஒயிட் சாஸ் பாஸ்தா செய்த வேலை இது. மைதாவும் பாலும் கொதித்த குழம்பில் குழைந்து கிடப்பதைத் தின்றவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

ஒரு மழை இரவில் குழுவிலிருந்து நழுவி நான் நுழைந்த கடையும் பார்வைக்கு மோசம்தான். வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடும் ஆள், லேமினேட் செய்த மெனு, அதில் வெளுத்துப்போன படங்கள். 'காச்சியோ எ பெப்பே' கேட்டேன். சீஸும் மிளகும் சேர்ந்த பாஸ்தா, அவ்வளவுதான்.

சமையற்கட்டு பாதி திறந்திருந்தது. சமையல்காரர் ஒன்றிரண்டாக இடித்த மிளகை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்தார். பாஸ்தா வெந்த தண்ணீர் சோற்றுக்கஞ்சி மாதிரிக் கலங்கியிருந்தது; அதில் ஒரு கரண்டி விட்டு, பாஸ்தாவைப் போட்டுப் பிரட்டினார். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பொடியாகத் துருவிய பெக்கோரினோ ரொமானோ விழுந்தது. சூடு கூடினால் சீஸ் கட்டிதட்டிவிடும். கை ஓயாமல் குலுக்கக் குலுக்க, சீஸும் தண்ணீரும் ஒன்றாகி ஒவ்வொரு இழையிலும் வழவழவென்று ஒட்டிக்கொண்டன. கிரீம் கிடையாது. வெண்ணெய் கிடையாது. நாக்கில் முதலில் செம்மறியாட்டுப் பால் சீஸின் உப்பு. அது இறங்கும்போது சுள்ளென்று மிளகு. ஊறுகாய் நினைப்பே வரவில்லை.

அந்த மிளகுக்கும் நமக்கும் பழைய கணக்கு உண்டு. யவனர் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமீஷியன் கட்டிய மிளகுக் கிடங்கின் எச்சம் ரோமன் ஃபோரத்தை ஒட்டியே இருக்கிறது. கொலோசியத்திலிருந்து நடந்துபோகிற தூரம். நம் பஸ் அங்கே நிற்பதில்லை; சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும்.

வயதானவர்கள் இருக்கிறார்கள், சுத்த சைவர்கள் இருக்கிறார்கள் என்பது வாஸ்தவம். பெக்கோரினோ ரொமானோவுக்குப் பாலை உறைய வைப்பதே ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்தான். தெரிந்து மறுப்பவரை வற்புறுத்த நான் யார்? ஆனால் அவர்களைக் காரணம் காட்டி, ஊரில் வாரம் தவறாமல் பிரியாணி வெட்டுகிறவரையும் ஏன் பருப்புக் கடைசலுக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும்? கேட்டால் மொத்தமாக முன்பணம் கட்டியாச்சு என்கிறார்கள். ஏழு இரவில் ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த வேளைக்கான காசைக் கையில் கொடுங்கள். விருப்பப்பட்டவர் தெருவில் இறங்கட்டும்.

குழுவில் இதைச் சொன்னபோது நாலு பேர் தலையாட்டினார்கள். மறுநாள் ஃப்ளாரன்ஸ். பழைய ரொட்டியும் பீன்ஸும் கீரையும் போட்டுக் கொதிக்கவைக்கும் 'ரிபொல்லீத்தா' அந்த ஊர் ஏழைகளின் சூப். விசாரித்து வாங்கினால் சைவர்களுக்கும் ஆகும். எங்களுக்கு அன்றிரவு ஜீரா ரைஸ், ஆலு கோபி.