மொட்டை டயரும் மெலிந்த பர்ஸும்
பழைய காரை வாங்குவது எளிது. மழையில் பிரேக் அடித்து நிறுத்துவதுதான் கடினம். குறைந்த செலவில் டயர் மாற்ற வழி உண்டா?

ஜூன் மாதத்து மாலை. திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. கரமனை அருகே முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், பஸ்ஸின் பின்புறத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின் சீட்டில் என் மகள். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

மறுநாள் டயர் கடையில் விஷயம் தெரிந்தது. "சாரே, பட்டனே இல்லையே. இது டயர் இல்ல, பலூன்" என்றார் மார்த்தாண்டத்துக்காரரான கடைக்காரர். மூன்றாவது கையாக வாங்கிய ஆல்டோ 800. பெயின்டையும் இன்ஜினையும் பார்த்து வாங்கிய நான் குனிந்து டயரைப் பார்க்கவில்லை. நான்கும் புதிதாகப் போட 12,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார். அந்த மாதம் மகளின் கல்லூரிக் கட்டணமும் காத்திருந்தது.

பழைய கார் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்கள் அனைத்தும் ஒருநாள் சந்திக்கும் சிக்கல் இது. ரப்பர் விளையும் மண்ணில் நின்றுகொண்டு டயர் விலைக்குத் திகைப்பது முரண்தான். ரப்பர் வாரியத்தின் தலைமையகம் கோட்டயத்தில் இருக்கிறது. எல்லை தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் தோட்டங்கள். ஆனால் கார் டயரில் இயற்கை ரப்பர் ஒரு பகுதி மட்டுமே. செயற்கை ரப்பர், கார்பன் கரி, எஃகுக் கம்பி, நைலான் எல்லாம் சேர்ந்ததுதான் டயர். ரப்பர் ஷீட் விலை சரிந்தாலும் டயர் விலை அதே வேகத்தில் இறங்காததற்கு இது ஒரு காரணம். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது சற்றே ஆறுதல்.

முதல் கேள்வி: மாற்றியே ஆக வேண்டுமா? விடை டயரிலேயே இருக்கிறது. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மோட்டார் வாகன விதிகளின்படி காருக்கான குறைந்தபட்ச ஆழமும் அதுதான். பள்ளங்களின் வேலை சாலையிலிருக்கும் தண்ணீரை வெளியேற்றுவது. அவை ஆழமிழந்தால் சக்கரம் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் வெறும் அலங்காரம். ஆண்டில் இரண்டு பருவமழை காணும் ஊரில் 1.6 வரை காத்திருப்பதே துணிச்சல்தான்.

இரண்டாவது கேள்வி வயது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத் தயாரிப்பு. பட்டன் நிறைய இருந்தும் வெயிலில் வெடித்துப்போன டயர் ஆபத்தானது. ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்தாண்டுக்கு மேல் கூடவே கூடாது என்பது தயாரிப்பாளர்கள் பலர் தரும் அறிவுரை. பழைய காரின் ஸ்டெப்னி பெரும்பாலும் இந்த ரகம்தான்.

மலிவு வழிகளில் பொறிகளும் உண்டு. மொட்டையான டயரில் கத்தியால் புதிய பள்ளம் வெட்டி, கறுப்பு பாலிஷ் அடித்து 'செகண்ட் ஹேண்ட்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வெட்டு உள்ளிருக்கும் எஃகு அடுக்குவரை போகலாம். ரீட்ரெடிங் அப்படியல்ல, முறையான தொழில். லாரி, பஸ் டயர்களின் கூடு கனமானது என்பதால் அவற்றுக்கு அது பொருந்தும். அம்பாசிடர் காலத்தில் கார்களுக்கும் செய்தார்கள். இன்றைய மெல்லிய ரேடியல் கார் டயருக்கு அது லாபமுமில்லை, நிம்மதியுமில்லை.

பிறகு எங்கேதான் மிச்சம் பிடிப்பது? கடைக்காரர் சொன்ன வழி எளிமையானது. நான்கையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், இரண்டிரண்டாக மாற்றலாம். என் டயர்களில் இரண்டு அடியோடு மொட்டை. மற்ற இரண்டில் ஓரளவு பட்டன் இருந்தது, சில மாதம் தாங்கும். புதிய ஜோடியை முன்னால் போடுவதே பலரின் வழக்கம். பின்னால் போடுவதே சரி. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்ப மறுக்கும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே அளவு, ஒரே வகையாக இருப்பது அவசியம்.

145/80 ஆர்12 74டி என்பது ஆல்டோ 800இன் ஜாதகம். அகலம் 145 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 12 அங்குலம். 74 என்பது 375 கிலோ சுமையையும், டி என்பது மணிக்கு 190 கி.மீ. வேகத்தையும் குறிக்கும். இந்த அளவும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தால் போதும், விளம்பரப் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. நைட்ரஜன் நிரப்பவும் தனிச் செலவு தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

ஆனால் ஒரு செலவை மட்டும் தவிர்க்கக் கூடாது: வீல் அலைன்மென்ட். பழைய டயர் எப்படித் தேய்ந்தது என்பதே காரின் நோய்க்குறிப்பு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் கோளாறு. என்னுடையது மூன்றாவது வகை. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டிருந்தால், அதுவும் சீக்கிரமே மொட்டையாகியிருக்கும்.

முதல் ஜோடி அன்றே போட்டாயிற்று. அடுத்த ஜோடி துலாவர்ஷத்துக்குள், அதாவது அக்டோபருக்குள், என்று தவணை. அதுவரை மழை நாளில் பேருந்துதான். இப்போதெல்லாம் காரில் ஏறுமுன் மகள் குனிந்து டயரைப் பார்க்கிறாள். கார் வாங்கிய அன்று நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.