மோட்டார் வாகன விபத்து இழப்பீடு (இந்தியா)

மோட்டார் வாகன விபத்து இழப்பீடு என்பது சாலை விபத்தில் உயிர், உடல் அல்லது உடைமைக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு வழங்கப்படும் பணத்தொகை ஆகும். இந்தியாவில் இது 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தினாலும், வாகனக் காப்பீட்டு ஒப்பந்தத்தின் விதிகளினாலும் நெறிப்படுத்தப்படுகின்றது. வாகனச் சேதத்திற்கான கோரிக்கையும் காயத்திற்கான கோரிக்கையும் வெவ்வேறு வழிகளில் செல்பவை.

காப்பீட்டின் வகைகள்

சட்டத்தின் 146 ஆம் பிரிவின்படி பொதுச் சாலையில் ஓடும் வாகனத்திற்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமாகும். வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் பாதிப்பை மட்டுமே இது ஈடுசெய்கின்றது. உரிமையாளரின் சொந்த வாகனச் சேதத்திற்கு, முழுமைக் காப்பீடோ தனியான சொந்தச் சேதக் காப்பீடோ இருத்தல் வேண்டும்.

விபத்து நிகழ்ந்தவுடன் செய்ய வேண்டியவை

காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல், காவல் நிலையத்திற்குத் தகவல் அளித்தல், காப்பீட்டு நிறுவனத்திற்கு அறிவித்தல் ஆகியவற்றை 134 ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமைகளாக வரையறுக்கின்றது. பிற்காலத்தில் கோரிக்கைக்கு வலுச் சேர்க்கும் ஆவணங்கள் பின்வருமாறு:

- முதல் தகவல் அறிக்கையின் நகல்
- மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ்
- சிகிச்சை ரசீதுகள், ஊனச் சான்றிதழ்
- வருமானம், வயது ஆகியவற்றுக்கான சான்றுகள்
- வாகனப் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுப் பாலிசி ஆகியவற்றின் நகல்கள்

2022 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்திற்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் அனுப்ப வேண்டும்.

வாகனச் சேதக் கோரிக்கை

நிறுவனத்தின் சார்பில் சர்வேயர் வாகனத்தைப் பார்வையிட்டுச் சேதத்தை மதிப்பிடுகின்றார். அதற்கு முன்னரே வாகனத்தைப் பழுது பார்த்துவிட்டால் கோரிக்கை சிக்கலுக்கு உள்ளாகலாம். பழுதுச் செலவு முழுவதும் கிடைப்பதில்லை. மாற்றப்படும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படும். வழமையான பாலிசிகளில் ரப்பர், நெகிழி பாகங்களுக்கு 50%, கண்ணாடியிழைப் பாகங்களுக்கு 30% கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கான கழிவு வாகனத்தின் வயதைப் பொறுத்து உயரும். பழுதுச் செலவு பாலிசியில் குறிக்கப்பட்ட வாகன மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழுச் சேதமாகக் கருதப்படும்.

காயத்திற்கான கோரிக்கை

காயமுற்றவரோ, இறந்தவரின் சட்டப்பூர்வ வாரிசுகளோ 166 ஆம் பிரிவின் கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் தீர்ப்பாயத்தை அணுகலாம். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நிகழ்ந்து ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற வரம்பு மீண்டும் சேர்க்கப்பட்டது. இவ்வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது.

கவனக்குறைவை மெய்ப்பிக்காமலே இழப்பீடு பெற 164 ஆம் பிரிவு வழிவகுக்கின்றது. இதன்படி இறப்பிற்கு 5 இலட்சம் ரூபாயும், கொடுங்காயத்திற்கு 2.5 இலட்சம் ரூபாயும் வழங்கப்படும். மோதிவிட்டுத் தப்பிய வாகனம் அடையாளம் காணப்படாதபோது, இறப்பிற்கு 2 இலட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் தனித் திட்டத்தின் கீழ் கிடைக்கும்.

தொகை கணக்கிடப்படும் முறை

மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், வலி மற்றும் வேதனை, எதிர்கால வருமான இழப்பு ஆகியவை தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. எதிர்கால இழப்பிற்கு, சரளா வர்மா வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் வகுத்த வயதுவாரிப் பெருக்கெண் பயன்படுகின்றது. 15 முதல் 25 வயது வரை 18 எனத் தொடங்கி, 65 வயதிற்கு மேல் 5 ஆக இது குறைகின்றது.

எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 34 வயதுத் தையற்காரர் ஒருவர் தம் உழைப்புத் திறனில் 40% இழந்துவிட்டார் எனக் கொள்வோம். பிரணய் சேத்தி வழக்கின் (2017) நெறிப்படி சுயதொழில் புரியும் 40 வயதிற்குட்பட்டவருக்கு வருங்கால வருமான உயர்வாக 40% சேர்க்கப்படும். எனவே மாத வருமானம் 21,000 ஆகின்றது. அவர் வயதிற்குரிய பெருக்கெண் 16. எனவே, 21,000 × 12 × 16 × 40% = 16,12,800 ரூபாய்.

இங்கு 40% என்பது மருத்துவர் தரும் ஊன விழுக்காடு அன்று. ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை விளக்கியது. ஒரு கையை இழந்த ஓட்டுநர் அல்லது தச்சரின் வருவாய் ஏறத்தாழ முழுவதும் அற்றுப்போகலாம். அதே ஊனத்துடன் எழுத்தர் ஒருவர் தம் பணியைத் தொடரக்கூடும். ஆகவே மனுதாரர் செய்த தொழிலின் தன்மையைச் சான்றுகளுடன் நிறுவுவது இன்றியமையாதது.

மேல்முறையீடும் குறைதீர்ப்பும்

தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வழக்குத் தொகை ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறைவாயின் மேல்முறையீடு இல்லை. சொந்த வாகனச் சேதக் கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரையும், பின்னர் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையோ நுகர்வோர் ஆணையத்தையோ அணுகலாம்.

இவற்றையும் பார்க்க

- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- மூன்றாம் தரப்புக் காப்பீடு
- முதல் தகவல் அறிக்கை