பின் சீல் ஒழுகுது என்றால்...

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் மெக்கானிக் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "பின் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்." கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் இந்த சீலின் விலை சொற்பம், இறக்கி ஏற்றும் கூலிதான் பில்லை ஏற்றுகிறது. 1990-களின் பிற்பகுதியில் வந்த போர்ஷே பாக்ஸ்டர் இந்தக் கசிவுக்கே பெயர்போனது. திருவனந்தபுரத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர், தானே ஸ்பேனர் பிடிக்காவிட்டாலும், இந்த வேலையைக் கற்றுவைப்பது நல்லது.

ஆனால் பின்னால் சொட்டினாலே பின் சீல்தான் என்று முடிவுகட்ட முடியாது. மேலே வால்வு கவர் கேஸ்கெட் கசிந்தாலும் ஆயில் வழிந்து பின்னால்தான் சொட்டும். எஞ்சினைத் துடைத்து, கொஞ்சம் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் மூலம் தெரியும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலும் ஒழுகும். அதைக் கவனிக்காமல் போட்ட புது சீலுக்கும் அதே கதிதான். பழைய சீலை நெம்பி எடுக்கும்போது ஷாஃப்டில் ஒரு கீறல் விழுந்தால் வேலை மொத்தமும் வீண். ரப்பர் சீலின் உதட்டில் ஆயில் தடவி ஏற்றுவார்கள். டெஃப்லான் சீலைப் பெரும்பாலும் உலர்வாகவே பொருத்த வேண்டும்; பழகிய கை அதிலும் ஆயிலைத் தடவிவிடும்!

வண்டிக்கு அடியில் படுப்பவர் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். சூடான சைலன்சரில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கலாம். கழிவு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. நகரின் ஆமயிழஞ்சான் தோட்டில் (ஓடையில்) கலக்கும் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

வெளியே வேலை பார்த்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டுவார்கள். 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தபோது, வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போனதற்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றது. அந்த வேலையால் நேர்ந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை.

வேலை முடிந்ததும் பில்லோடு பழைய சீலையும் கேட்டு வாங்குங்கள். உதடு கெட்டிப்பட்டோ வெடித்தோ இருந்தால் மாற்றியது நியாயம். மெத்தென்று இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பயனில்லையென்றால் வழுதக்காட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஒர்க்‌ஷாப் கொச்சியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.