பிடிக்கும், பிடிக்காது: ஜப்பானிய மொழியில் முதல் பாடம்

மீளக் குடியேறியுள்ள உங்கள் வீட்டில் ஜப்பானுக்கு வேலைக்குப் போக நினைக்கும் மகனோ மகளோ இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுடன் சேர்ந்து வாசியுங்கள்.

இலங்கையும் ஜப்பானும் 2019 ஜூன் மாதத்தில் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி முதியோர் பராமரிப்பு, விவசாயம் போன்ற துறைகளுக்கு இங்கிருந்து ஆட்கள் எடுக்கப்படுகிறார்கள். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். தொழில் திறன் பரீட்சையுடன் ஒரு மொழிப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். முதல் நிலை விசாவில் பொதுவாக 5 ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. தனியாக வாழப் போகிறவருக்குத் தன் விருப்பு வெறுப்பைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது

"எனக்குப் பிளேன்டீ பிடிக்கும்" என்பதை ஜப்பானியர் இப்படிச் சொல்வார்கள்:

வத்தஷி வ கோச்ச க ஸ்கி தெஸ்.

"வத்தஷி" என்றால் நான். "வ" என்பது யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டும் சொல். "கோச்ச" நாம் குடிக்கும் தேயிலைத் தேநீர். வெறும் "ஒச்ச" என்றால் அங்கே பெரும்பாலும் பச்சைத் தேநீர்தான் வரும். "க" என்பதைக் கவர்மென்ட் என்னும்போது வரும் மெல்லிய ஒலியில் சொல்லுங்கள். "ஸ்கி" என்றால் பிடித்தமானது. "தெஸ்" வாக்கியத்தை மரியாதையாக முடிக்கிறது. தமிழைப் போலவே குறில், நெடில் மாறினால் பொருளும் மாறும்.

சொற்களின் வரிசையைப் பாருங்கள்: ஆள், பொருள், பிடித்தம். தமிழிலும் அதே வரிசைதான். "பிளேன்டீயைப் பிடிக்கும்" என்று நாம் சொல்வதில்லை. ஜப்பானிய மொழியிலும் "ஐ" போன்ற உருபு இங்கே வராது. பொருளுக்குப் பின்னால் "க" வரும். "எனக்கு அவரைப் பிடிக்கும்" என்று ஆட்களுக்கு நாம் "ஐ" சேர்ப்போம். அங்கே ஆட்களுக்கும் அதே "க" போதும்.

வகுப்பு சிங்களத்தில் நடந்தால் இங்கே கவனம் தேவை. "மம தே வலட்ட கெமதியி" என்பதில் தேநீருக்குத்தான் "ட்ட", அதாவது நம்முடைய "கு" வருகிறது. அதை அப்படியே ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனால் பிழையாகும். தமிழில் யோசித்துப் பேசுவதே சுலபம்.

ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் இரு மொழிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை மொழியியலாளர் பலர் ஏற்பதில்லை. ஆனாலும் வாக்கிய அமைப்பில் உள்ள ஒற்றுமை படிப்பவருக்குக் கைகொடுக்கும்.

பிடிக்காததைச் சொல்வது

"கிரய் தெஸ்" என்றால் வெறுக்கிறேன் என்னும் அளவுக்குக் கடுமை. புதிய இடத்தில் அதைத் தவிர்த்து, கீழே உள்ளவற்றைப் பழகுங்கள்:

• அமரி ஸ்கி ஜ அரிமஸென் – அவ்வளவாகப் பிடிக்காது.
• நிகத்தெ தெஸ் – எனக்கு ஒத்துவராது.
• ச்சொத்தொ... – "கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்துவது. மறுக்கிறீர்கள் என்று கேட்பவர் புரிந்துகொள்வார்.

உணவு விடயத்தில் சுற்றிவளைக்க வேண்டாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் "ஸுமிமஸென், க்யூநிக்கு வ தபெமஸென்" என்று சொன்னால் போதும். "மன்னிக்கவும், மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன்" என்பது பொருள். இதைச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல.

ஒருவரைப் பார்த்து நேராக "ஸ்கி தெஸ்" என்று சொல்லிவிடாதீர்கள். காதலைச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

கேட்கவும் பழகுங்கள்

"நனி க ஸ்கி தெஸ்க்க?" என்றால் "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" கடைசியில் வரும் "க்க" நம் "பிடிக்குமா" என்பதில் வரும் "ஆ" போன்றது. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவருக்கு இந்தக் கேள்வி தினமும் தேவைப்படும். நேர்முகத்தில் "தொன்ன ஷிகொத்தொ க ஸ்கி தெஸ்க்க?" என்று உங்களிடமே கேட்கலாம். எப்படிப்பட்ட வேலை பிடிக்கும் என்பதே கேள்வி. எல்லாவற்றுக்கும் "ஹய்" என்று தலையாட்டாதீர்கள். பட்டிப்பொலவில் கரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டுப் பழகியவருக்கு விவசாயம் பிடிக்கும் என்றால் அதையே சொல்லுங்கள். வேலை எந்தத் துறையில் என்பது விசாவுடன் சேர்ந்தது. பிடிக்காத துறைக்குச் சம்மதித்துப் போய்விட்டால், பிறகு மாறுவது சிரமம்.

இங்கேயே "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. பரீட்சை இல்லாமல் அனுப்புகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டையும் கையளிக்காதீர்கள். முதலில் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் அழைத்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று விசாரியுங்கள்.

இன்று இரவு தேநீர் குடிக்கும்போது வீட்டில் ஒவ்வொருவரும் பிடித்தது ஒன்றும் பிடிக்காதது ஒன்றும் ஜப்பானிய மொழியில் சொல்லிப் பாருங்கள். பத்து நாள் பழகினால் நாக்கு திருந்திவிடும்.