ஆளில்லாக் கடற்கரை தேடி...

"கூட்டமே இல்லாத பீச்சாகப் பார்த்து ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போங்க மாமா!" என்றார் என் மாப்பிள்ளை.

அவர் கேட்டதில் தவறில்லை. செம்பூர்வாசிகளான நமக்குக் கடற்கரை என்றால் ஜூஹு, இல்லாவிட்டால் சௌபாத்தி. அங்கே கடல் கண்ணில் படுவதற்கு முன்பே பேல்பூரிக் கடையும் பலூன்காரரும் கண்ணில் படுவார்கள். டி.வி.யில் மாலத்தீவைப் பார்த்துவிட்ட என் பேத்தியோ, "தாத்தா, அங்கே மணலெல்லாம் காலியா இருக்கே!" என்று ஏங்கினாள்.

மாலத்தீவுக்குக் குடும்பத்தோடு போய்வர ஓய்வூதியக்காரனிடம் பணம் ஏது? ஆனால் ரயிலிலேயே போய் இறங்கக்கூடிய தீவு ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறதே! பரமக்குடியில் பிறந்து, 39 ஆண்டுகள் ரயில்வேயில் பாதையும் பாலமும் பார்த்த எனக்கு அது மறக்குமா? 2025ஆம் ஆண்டு கணபதி லீவில் ஐந்து பேராக ராமேசுவரம் புறப்பட்டோம்.

பாலம் தாண்டினால் தீவு

நம்மவர்கள் பெரும்பாலோர் ராமேசுவரம் போனால் 22 தீர்த்தங்களில் நீராடி, சுவாமி தரிசனம் செய்து, அன்று மாலையே திரும்பிவிடுவார்கள். தாம் ஒரு தீவுக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை.

மதுரையிலிருந்து சுமார் 160 கி.மீ. ரயில் பயணம். மண்டபம் தாண்டியதும் இரு பக்கமும் கடல். 1914ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட, ஆட்கள் கையால் சுற்றித்தான் தூக்குப் பகுதியைத் திறப்பார்கள். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. அருகிலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். இந்தியாவில் இவ்வகைப் பாலம் இதுவே முதல். தொழில் புத்தி போகுமா? பாலம் முடியும் வரை ஜன்னலை விட்டு நான் நகரவில்லை.

ஆண் கடல், பெண் கடல்

மறுநாள் காலை தனுஷ்கோடி சாலையில் வண்டி பிடித்தோம். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டுத் திறந்தது 2017ல்தான். அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில் குலுங்கித்தான் போக வேண்டும். இப்போது முனையில் எப்போதும் கூட்டம். ஆனால் காலையில் கிளம்பி, முனைக்கு முன்பே வழியில் இறங்கிக்கொண்டால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணலும் தண்ணீரும்தான். மாப்பிள்ளைக்கு ஒரே குஷி!

சாலைக்கு இடப்புறம் பாக் நீரிணைக் கடல், குளம் போல. வலப்புறம் மன்னார் வளைகுடா, அலை அலையாக. அவ்வூர் மக்கள் அமைதியானதைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இடப்புறம் இரண்டு குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. வலப்புறம் ஒருவருமில்லை. "இதுதான் நாம தேடி வந்த இடம்!" என்று மாப்பிள்ளை வலப்புறம் இறங்கினார். நானும் தடுக்கவில்லை.

முழங்கால் அளவுத் தண்ணீர்தான். திரும்பிய அலை அவர் காலடி மணலை அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. சாய்ந்தவரை அடுத்த அலை உள்ளே இழுத்தது. "அங்கன இறங்காதீக! மண்ணு உள்வாங்கும்!" என்று குடிசைப் பக்கமிருந்து ஓர் அம்மாள் கத்தினார். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த இருவர் ஓடி வந்து, கைகோத்து அவரைக் கரைக்கு இழுத்தார்கள். மூக்குக் கண்ணாடி போயிற்று, உயிர் போகவில்லை. பேத்தி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

"கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல இந்தப் பக்கம் இறங்கலாமாய்யா? ஒருத்தரும் இல்லையே, ஏன்னு கேக்க வேணாமா?" என்றார் அந்த அம்மாள். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும்போது மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும். வாடைக் காலம் வந்தால் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். மணல் உள்வாங்குவதால் இந்தக் கரையில் குளிப்பது எப்போதுமே ஆபத்து.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஒரு பாதையில் வண்டி வரவில்லை என்றால் பாதை காலி என்று பொருளல்ல, ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். ஆயிரம் தடவை என் கீழ் வேலை பார்த்த பையன்களுக்கு இதைச் சொன்ன நான், அன்று சொல்ல மறந்தேன்!

அமைதிக்கு ஒரு காரணம்

தனுஷ்கோடியின் அமைதிக்கே ஒரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் அங்கே ரயில் நிலையம், தபால் ஆபீஸ், மாதா கோயில் எல்லாம் இருந்தன. எழும்பூரிலிருந்து எங்கள் பரமக்குடி வழியாகப் போன போட் மெயிலில் வந்தவர்கள், அங்கே கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்தார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் அத்தனையும் போயிற்று. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. சிக்னல் கிடைக்காமல் நின்ற வண்டி, பிறகு இருட்டில் மெல்ல நகர்ந்தது என்று என் தகப்பனார் சொல்லும்போது குரல் கம்மும். சேதமான பாம்பன் பாலத்தை இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீர்படுத்தினார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவேயில்லை.

மற்றத் தீவுகளும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவில் ஆளில்லாத் தீவுகள் 21 இருக்கின்றன. பவளப்பாறைகளுக்காக அவை 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. வனத்துறை அனுமதியின்றி அங்கே கால் வைக்கக் கூடாது. லட்சத்தீவுக்கு நமக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தமானின் ஹேவ்லாக் தீவில், 2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு, 2010ல் ஒதுக்குப்புறமாக நீந்திய அமெரிக்கப் பெண்மணி ஒருவரை முதலை கொன்றது. அவ்வளவு தூரம் ஏன்? நம் மலாட் பக்கம் ஆக்சா கடற்கரையில் எத்தனை வாலிபர்கள் போயிருக்கிறார்கள்!

ஆகவே அன்பர்களே, ஆளில்லாக் கடற்கரையைத் தேடிப் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரில் கால் வைக்குமுன் அங்கே வலை பின்னுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்கு அது காலி இடம். அவருக்கு அது வீட்டு வாசல்.

அன்று அந்த அம்மாள் மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். இரு பக்கமும் உப்புக் கடல், நடுவே நல்ல தண்ணீர்! பிறகு தாமே கூட வந்து, பெண் கடலில் எந்த இடம் வரை போகலாம் என்று காட்டினார். பேத்தி கணுக்கால் தண்ணீரில் ஆசை தீர விளையாடினாள். மாப்பிள்ளை நன்றியோடு பணம் நீட்டியபோது, "காசு என்னத்துக்கு? கருவாடு வாங்கிட்டுப் போங்க, போதும்" என்றார்கள்.

இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு செம்பூர் வரை மணத்துக்கொண்டே வந்தது. சக பயணிகள் முகம் சுளித்தார்கள். என் மகள் மட்டும் அந்தப் பையை மடியை விட்டு இறக்கவேயில்லை.