சிறு முதலில் சுருட்டுப் புகையிலை
(புதிதாகத் தொடங்க எண்ணுவோர் முன்னதாக அறிய வேண்டியவை)

‘சுருட்டு’ என்னும் நம் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்குகின்றது. திண்டுக்கல் இலையும் திருச்சி உறையூர்ச் சுருட்டும் ஒரு காலத்தில் கடல் கடந்தும் பெயர் பெற்றிருந்தன. 1887இல் கானன் டாயில் வெளியிட்ட துப்பறியும் கதையொன்றில், தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவோன் கண்டுகொள்கின்றான். இப்புகழைக் கேள்வியுற்று, திண்டிவனத்திற்கும் மரக்காணத்திற்கும் இடையிலுள்ள பிரம்மதேசம் முதலிய கிராமங்களில், நிலக்கடலைக்குப் பதிலாகச் சுருட்டுப் புகையிலையைச் சிறு முதலில் வைத்துப் பார்க்கலாமா என்று வினவும் குடியானவர்கள் உண்டு. அவர்களுக்குப் பயன்படுமாறு இக்கட்டுரை வரையப்படுகின்றது.

சுருட்டின் மூன்று இலைகள். ஒரு சுருட்டில் மூவகை இலைகள் உள. நடுவே அடைக்கப்படுவது உள்ளிலை. அதைச் சுற்றி இறுக்குவது கட்டிலை. யாவற்றுக்கும் வெளியே நேர்த்தியாகச் சுற்றப்படுவது மேலிலை. மேலிலைக்கு மெல்லிய, கிழிசலற்ற, ஒரே நிறமான இலை வேண்டும். வங்காளத்தின் கூச் பெஹார்ப் பகுதியில் விளையும் ஜாதி என்னும் இலை இதற்குப் பெயர் பெற்றது. திண்டுக்கல் வட்டாரத்து இலை பெரும்பாலும் உள்ளிலைக்கே உரியது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்பவை அவ்வட்டாரத்தின் பழைய இனங்கள். புதிதாகத் தொடங்குவோர் மேலிலையில் ஆசை வைத்தல் தகாது. உள்ளிலைக்கு முதலிடவேண்டிய குணம் ஒன்றே. அது நன்றாக எரியவேண்டும்.

நீரே முதற் பரீட்சை. இலை எரிவதும் அணைவதும் பெரிதும் அதிலுள்ள உப்பைப் பொறுத்தவை. சாம்பல் சத்து எரிதலுக்குத் துணை செய்யும். குளோரைடு அதற்குப் பகை. உலர்ந்த இலையில் குளோரைடு நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படின் நெருப்பு நில்லாது. அன்றியும் அவ்விலை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் பூசணம் பிடிக்கும். மெல்லும் புகையிலைக்கு உவர் நீர் அவ்வளவு குற்றமன்று. வேதாரணியத்து இலை உவரிலேயே பேர் பெற்றது. சுருட்டு இலைக்கோ அது பொருந்தாது. மரக்காணம் உப்பளங்களுக்கு அண்மையிலுள்ள கிணறுகளில் பல உவர்ப்புடையவை என்பது யாவருமறிந்ததே. ஆகவே, விதை வாங்குமுன் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிக் குளோரைடின் அளவை அறிந்துகொள்க. நாவுக்குத் தெரியாத உப்பும் இலைக்குத் தெரியும். நீர் தவறெனின் அத்துடன் நின்றுவிடுவதே சிக்கனம். வேறெந்தச் செலவாலும் அக்குறையை ஈடுசெய்ய முடியாது.

இக்காரணம் பற்றியே, இப்பயிருக்கு மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் உரத்தை இடலாகாது. அதுவே குளோரைடு கலந்த உப்பு. சாம்பல் சத்து வேண்டின் சல்பேட் ஆப் பொட்டாஷ் இடுக.

பருவமும் நாற்றங்காலும். புகையிலை வேர் தேங்கும் நீரைத் தாங்காது. இப்பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் மிகுதி. ஆதலின் பெருமழை ஓய்ந்தபின் மார்கழியில் நடுமாறு நாற்றை வளர்த்தல் நலம். விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட விதைகள் அடங்கும். எனவே மணலுடன் கலந்து மேடான பாத்தியில் தூவி, பூவாளியால் நீர் தெளித்து, கீற்றுப் பந்தலால் மழையையும் வெயிலையும் தடுக்கவேண்டும். நெருக்கமும் ஈரமும் மிகுந்தால் நாற்றழுகல் நோய் ஒரே இரவில் பாத்தியைக் காலி செய்யும். கலைத்து விடுதலும், போர்டோக் கலவை தெளித்தலும் இதற்குக் காப்பு. 40 முதல் 45 நாட்களில் நாற்று நடுதற்குத் தயாராகும். கத்தரி, தக்காளி, மிளகாய் வைத்த நிலத்தில் நடுதல் கூடாது. வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழு தொடர்ந்து வரும்.

வயலில் கவனிப்பு. நிலக்கடலையில் இலை தின்னும் புரோடீனியாப் புழுவை இப்பக்கத்தார் நன்கறிவர். அதற்குப் புகையிலைப் புழு என்பதே மறுபெயர். வரப்போரம் ஆமணக்கு வைத்தால் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். அம்முட்டைக் குவியலைக் கிள்ளி அழித்தல் செலவற்ற வழி. ஓரபாங்கி என்னும் ஒட்டுண்ணிச் செடி வேரிலிருந்து முளைத்து வரின், பூக்குமுன் பிடுங்கி எரித்துவிடுக. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும். மொட்டு வந்ததும் நுனியைக் கிள்ளி, பின்னர் முளைக்கும் பக்கக் கொழுந்துகளை அவ்வப்போது அகற்றவேண்டும். நுனி கிள்ளுவதால் இலை தடிப்பதுடன் நிகோடினும் பெருகும். மிகத் தாழ்வாகக் கிள்ளினால் காரம் ஏறி உள்ளிலைக்கு ஒவ்வாததாகும்.

பதம் செய்தல். முற்றிய செடியை அடியோடு வெட்டி, வாடவிட்டு, மூங்கிற் கழிகளில் தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலில் உலர்த்துவர். பின்னர்ப் படுக்கையாக அடுக்கினால் உள்ளே சூடேறும். சூடு மிகுமுன் பிரித்து, மேலது கீழாகவும் உள்ளது வெளியாகவும் மாற்றியடுக்கவேண்டும். இவ்வாறு பன்முறை செய்தாலன்றிப் பச்சை நெடியும் கரகரப்பும் நீங்கா. பொறுமை குன்றியவர் இலை இங்கேதான் விலையிழக்கின்றது.

பதமான இலையைச் சோதிக்க எளிய வழியுண்டு. இலையின் ஓரத்தைத் தணலில் காட்டிச் சுடரை ஊதியணைத்து நோக்குக. கனல் ஒரே சீராகப் பரவி நெடுநேரம் நின்று, சாம்பல் வெளுத்திருப்பின் நல்லிலை. உடனே கருகி அணையின் உப்பிலை. சுருட்டுக் குடிப்போன் வாயில் வைத்து அறிவதை நீங்கள் விற்குமுன் அறியலாம்.

முதலும் விற்பனையும். வர்ஜினியாப் புகையிலைக்குள்ள ஏல மேடை சுருட்டு இலைக்கு இல்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த புகையிலை வாரியத்தின் ஏலம் வர்ஜினியாவுக்கே உரியது. எனவே வாங்குவோர் யாரென்று தெரியாமல் ஒரு நாற்றும் நடவேண்டாம். சுருட்டுத் தொழிலும் முன்னாளினும் சுருங்கிவிட்டது. முதலாண்டில் 10 சென்டுக்கு மேற்படாதிருப்பது உத்தமம். வியாபாரியிடம் முன்பணம் பெறின் விலையும் அவர் கையிலாகும். நாற்று, எரு, இறைப்புக் கூலி, கொழுந்தெடுத்தல், கழியும் கயிறும், வீட்டார் உழைத்த நாட்கள் ஆகிய யாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அதே 10 சென்டில் மார்கழிப் பட்டத்து நிலக்கடலை தந்திருக்கக்கூடிய ஆதாயத்தோடு ஒப்பிடுக. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. இனங்கள் கைக்கெட்டும் தூரத்திலுள்ள நிலத்தில், அவ்வொப்பீடு எளிதில் புகையிலைக்குச் சாதகமாகாது.

உடல்நலமும் சட்டமும். ஈர இலையைத் தொடுவோர்க்குத் தோல்வழி நிகோடின் ஏறிக் குமட்டலும் தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாம். ஆதலின் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இன்றி இறங்கலாகாது. சிறுவரை இவ்வேலையில் விடவே கூடாது. சுருட்டுப் புகையை உள்ளிழுக்காமல் வாயோடு விட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு இடமுண்டு. ஆந்திரக் கடற்கரையில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துக் குடிப்போர்க்கு மேலண்ணத்தில் புற்று வருதலை மருத்துவர் கண்டிருக்கின்றனர். செலவுக்கு அஞ்சி மலிவான சுருட்டைத் தேடுவோர்க்கும் இத்தீங்கில் தள்ளுபடியில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதையும், கல்விச்சாலையைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதையும், பொதுவிடங்களில் புகைப்பதையும் தடுக்கின்றது. கிராம உத்தியோகஸ்தர்கள் தம் அலுவலகத்திலிருந்தே இதனைத் தொடங்கலாம். அடங்கலில் இப்பயிரின் பரப்பைச் சரிவரப் பதிதலும் அவர்கள் கடமையே. வெள்ளமோ புயலோ வரின் குடியானவர்க்கு அதுவே ஆதாரம்.

முடிவாக, இனிய நீர், வாங்குவோர் உறுதி, சொந்த உழைப்பு ஆகிய மூன்றும் உடையவர் மட்டும் 10 சென்டில் சோதிக்கலாம். இவற்றில் ஒன்று குறையினும் நிலக்கடலையை விடாதிருத்தலே இலாபம். ஐயமுள்ளோர் ஐப்பசி பிறக்குமுன் கிணற்று நீர் மாதிரியுடன் வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுவார்களாக.