காந்தக் கவசம் தளரும் காலம்

திசைகாட்டியின் முள் வடக்கு நோக்குவது மாறாத நியதியன்று. எரிமலைக் குழம்பு ஆறி இறுகுகையில் அக்காலக் காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. அப்பதிவு சில பாறைகளில் தலைகீழாக இருப்பதை 1906இல் பிரெஞ்சு அறிஞர் பெர்னார்டு புரூன் எடுத்துரைத்தார். புவிக் காந்தப்புலம் இறுதியாக முற்றிலும் திரும்பியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பாகும்.

திரும்பும் காலத்தில் புலம் பெரிதும் வலுவிழக்கும். நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் விரைவில் வந்து மோதும் சூரியக் காற்றை அப்போது தடுப்பது எது?

வலிமை குறையும் அளவிற்குக் கவசம் சுருங்குவதில்லை. இன்று சூரியனை நோக்கிய பக்கத்தில் அதன் எல்லை, புவியின் ஆரத்தைப்போல் சுமார் பத்து மடங்குத் தொலைவில் உள்ளது. புலம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தாலும் அத்தொலைவு பாதியாகவே குறையும். புவியை நெருங்க நெருங்கப் புலம் மிக விரைவாக வலுப்பெறுவதே அதற்குக் காரணம். அதனையும் கடந்து வரும் துகள்களை வளிமண்டலம் தடுக்கிறது. அதன் எடை பத்து மீட்டர் ஆழமுள்ள நீருக்கு நிகரானது.

சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் புலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகத் தளர்ந்தது. மனித இனம் அதனைக் கடந்து வாழ்ந்தது. ஆனால் அம்மனிதரிடம் மின்கம்பிகளோ செயற்கைக்கோள்களோ இல்லை. புலம் வலுவாக உள்ள நம் காலத்திலேயே, 1989இல் எழுந்த சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் பல மணி நேரம் இருளில் மூழ்கியது. எனவே, கவசம் தளரும் நாளில் பேரிடருக்கு உள்ளாவது நம் உயிரன்று. நாம் அமைத்துக்கொண்ட வாழ்க்கை முறையே எனலாம்.